“விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்!” என்று செய்தி வந்தால் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்



கர்ப்பம், பேறுகாலம், குழந்தை வளர்ப்பு, கருத்தடை ஆகியவை பற்றி முன்பெல்லாம் மாமியார் சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று கேள்விப்பட்டோம். இப்போது அந்த இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்ததும் ஒரு செய்தி வருகிறது. “வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்து விட்டார்கள், உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்” என்கிறது. மனைவி கணவரிடம் காட்டுகிறார்.

“ஏங்க, இதப் பாத்தீங்களா? பயமா இருக்கே!”

“யாரு அனுப்புனா?”

“எங்க அண்ணன் குரூப்ல வந்துச்சு.”

“அப்ப சரியாத்தான் இருக்கும்.”

அனுப்பியவர் நல்லவர் என்பதால் அனுப்பிய செய்தியும் உண்மையாகி விடாது. அண்ணனுக்கு அது எங்கிருந்து வந்ததோ, அவருக்கும் தெரியாது. அதே நேரத்தில் விஞ்ஞானச் செய்தி எல்லாமே பொய் என்று ஒதுக்கவும் முடியாது. நம் பிள்ளைகள் இளம்பிள்ளைவாதம் இல்லாமல் ஓடி ஆடுவது விஞ்ஞானத்தால்தான். ஆகவே, செய்தியைக் கண்டதும் இரண்டே இரண்டு கேள்வி கேட்டுப் பழகுங்கள். எத்தனை பேரிடம் பார்த்தார்கள்? எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்?

இந்த இரண்டாவது கேள்வி நம் பக்கத்து விவசாயிகளுக்குப் புதிதல்ல. காவிரிக் கரையில் வாழை போடுகிறவரிடம் ஒருவர் புது உரம் கொண்டு வந்து, “இதைப் போட்டா தார் ரெண்டு சீப்பு கூட வரும்” என்று சொல்கிறார் என்று வையுங்கள். அனுபவப்பட்டவர் தோட்டம் முழுவதும் கொட்ட மாட்டார். நாலு வரிசைக்குப் போடுவார், பக்கத்து நாலு வரிசையை வழக்கம்போல் விடுவார். ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே ரகம். தார் வெட்டும்போது இரண்டையும் வைத்துப் பார்ப்பார். போடாத வரிசையிலும் அதே அளவு தார் தள்ளியிருந்தால், அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது, அவ்வளவுதான். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும் அடிப்படை முறை இதுவே. மருந்து ஆராய்ச்சியும் இதே மாதிரிதான் நடக்க வேண்டும். மருந்து கொடுத்தவர்களை மட்டும் காட்டுகிற செய்தி, உரம் போட்ட வரிசையை மட்டும் காட்டுகிற வியாபாரியைப் போன்றது.

2017-ல் நம் பள்ளிக்கூட வாசலில்

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் நிறைந்த குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரை அனைவருக்கும் ஒரு ஊசி. முகாம் தொடங்கிய உடனேயே, ஊசி போட்ட பிள்ளைகளுக்கு ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். பிப்ரவரி மாதக் கடைசியில் முடிய வேண்டிய முகாமை அரசு மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அப்போது ஒரு தகப்பனார் கேட்டது இது: “சார், எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு?” நியாயமான கேள்வி. பிள்ளை மீது பாசம் உள்ளவர்தான் இப்படிக் கேட்பார். அவரைப் படிக்காதவர் என்று ஏளனம் செய்தவர்கள் காரியத்தைக் கெடுத்தார்கள் என்பது என் கருத்து. அன்று பயந்தவர்களில் பட்டதாரிகளும் நிறைய உண்டு.

இந்த ஊசி பற்றிய பயத்துக்கு உலக அளவில் ஒரு வேர் இருக்கிறது. 1998-ல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் ‘லான்செட்’ என்னும் புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசிக்கும், ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகத்தைக் கிளப்பினார். செய்தி உலகம் சுற்றியது. நம் இரண்டு கேள்விகளை இங்கே போட்டுப் பாருங்கள்.

எத்தனை பேரிடம் பார்த்தார்? பன்னிரண்டு பிள்ளைகளிடம்.

எதோடு ஒப்பிட்டார்? எதோடும் இல்லை. ஊசி போடாத பிள்ளைகள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது உண்மை, ஏனென்றால் பானையில் உள்ள அரிசி அத்தனையும் ஒரே தண்ணீரில், ஒரே அடுப்பில், ஒரே நேரம் வெந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே பானைச் சோறு அல்ல. மேலும், ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பது பெரும்பாலும் ஒன்று, இரண்டு வயதில். இந்த ஊசி போடுவதும் அதே வயதில்தான். இரண்டும் அடுத்தடுத்து வருவதில் ஆச்சரியம் இல்லை.

அந்த மருத்துவர், ஊசிக் கம்பெனி மீது வழக்குப் போட இருந்த வழக்கறிஞர் தரப்பிடம் பணம் பெற்றிருந்தது பின்னால் வெளிவந்தது. 2010-ல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவருடைய பெயர் இங்கிலாந்தின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. 2019-ல் வெளியான டென்மார்க் ஆய்வு 6,57,461 குழந்தைகளைக் கணக்கில் எடுத்தது. ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஊசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடவில்லை. பன்னிரண்டு எங்கே, ஆறரை லட்சம் எங்கே! ஆனால் பன்னிரண்டைப் பற்றிய செய்திதான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கட்டுரையைத் திரும்பப் பெற்ற செய்தியை யாரும் “பத்துப் பேருக்கு அனுப்புங்கள்” என்று அனுப்பவில்லை.

ஊசியால் எதுவுமே ஆகாது என்றும் நான் சொல்ல மாட்டேன். சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், லேசான தடிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் சரியாகும். மிக அரிதாக ஒவ்வாமை வரலாம். அதற்காகத்தான் ஊசி போட்டபின் அரை மணி நேரம் இருக்கச் சொல்கிறோம். அவசரமாக ஓடிவிடாதீர்கள்.

தாய்மார் பேச்சைக் கேட்ட கண் மருத்துவர்

ரூபெல்லா என்பது ஏதோ சின்ன அம்மைதானே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். குழந்தைக்கு வந்தால் சின்ன அம்மைதான். கர்ப்பிணிக்கு, அதுவும் முதல் மூன்று மாதத்துக்குள் வந்தால், வயிற்றில் உள்ள சிசுவின் கண், காது, இருதயம் ஆகியவற்றைப் பாதிக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. ஆஸ்திரேலியாவில் 1940-ல் ரூபெல்லா பெருவாரியாகப் பரவியது. அடுத்த ஆண்டு சிட்னி நகரத்தில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம் பிறவியிலேயே கண்புரை உள்ள பச்சைக் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கர்ப்பமாக இருந்தபோது அம்மை போட்டியதாகத் தாய்மார்கள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொண்டார். விசாரித்தார், மற்ற மருத்துவர்களையும் கேட்டார். 78 குழந்தைகளின் விவரம் திரட்டினார். அவற்றில் 68 குழந்தைகளின் தாய்மாருக்குக் கர்ப்பகாலத்தில் ரூபெல்லா வந்திருந்தது.

அப்போதும் உலகம் உடனே நம்பவில்லை. நம்பாததும் சரிதான். பிறகு ஆலிவர் லங்காஸ்டர் என்ற கணக்கியல் அறிஞர் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளைப் புரட்டினார். செவிடாகப் பிறந்தவர்கள் எந்தெந்த ஆண்டில் பிறந்தார்கள் என்று எண்ணினார். சில குறிப்பிட்ட ஆண்டுகளில் மட்டும் எண்ணிக்கை திடீரென ஏறியிருந்தது. ரூபெல்லா பரவிய காலங்களோடு அது ஒத்துப் போனது. 1951-ல் அதை வெளியிட்டார். இங்கே தாய்மாரின் பேச்சுதான் விதை. எண்ணிப் பார்த்தபின் அது மரமாயிற்று. வேக்ஃபீல்டும் பெற்றோர் சொன்னதில்தான் ஆரம்பித்தார். ஆனால் பெரிய அளவில் எண்ணிப் பார்த்தபோது அது நிற்கவில்லை.

கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு அன்று சிறுமியாக இருந்தபோது போட்ட ஒரு ஊசி, நாளை அவள் வயிற்றில் வளரும் சிசுவின் கண்ணைக் காக்கிறது. (கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஊசி போடக்கூடாது. முன்னாலேயே போட வேண்டும்.)

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது

2021 ஏப்ரல் 15-ம் தேதி நடிகர் விவேக் சென்னையில் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்களுக்கு எடுத்துக்காட்டாக இருக்க வேண்டும் என்று பலர் முன்னிலையில் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி காலமானார். நல்ல மனிதர், மரங்கள் நட்டவர். தமிழ்நாடே அழுதது. அழுகையோடு பயமும் சேர்ந்துகொண்டது. “ஊசி போட்டார், செத்துப் போனார்” என்ற பேச்சுக்கு யாரும் அணை போட முடியவில்லை. நம் ஊர்களிலும் ஊசி போட வந்தவர்கள் பாதி வழியில் திரும்பிப் போனார்கள்.

சந்தேகம் வந்தது இயற்கை. விசாரிக்க வேண்டியதும் அவசியம். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அதை விசாரித்து, மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று 2021 அக்டோபரில் தெரிவித்தது. அவருடைய இருதயத்துக்குப் போகும் முக்கியமான இரத்தக்குழாய் முழுமையாக அடைபட்டிருந்ததாக மருத்துவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அப்படிப்பட்ட அடைப்பு ஒரே நாளில் உண்டாவதில்லை. கொழுப்பு பல ஆண்டுகளாகப் படிந்து வந்து, கடைசியில் ஒரு நாள் இரத்தம் உறைந்து வழியை அடைத்து விடுகிறது.

நம் மாநிலத்தில் தினமும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு காரணத்தால் இறக்கிறார்கள். லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி போடும் நாட்களில், அவர்களில் சிலர் அடுத்த நாளோ அடுத்த வாரமோ இறக்கத்தான் செய்வார்கள். ஊசியே போடாவிட்டாலும் அந்தச் சிலர் இறந்திருப்பார்கள். ஆகவே “ஊசிக்குப் பின் எத்தனை பேர் இறந்தார்கள்?” என்று மட்டும் கேட்டால் போதாது. “ஊசி போடாத அதே வயதுக்காரர்களில் எத்தனை பேர் இறந்தார்கள்?” என்பதையும் கேட்க வேண்டும். போடாத வரிசை வாழையை மறந்து விடாதீர்கள்.

கிரகணமும் இதே கணக்குத்தான். 2019 டிசம்பர் 26 அன்று காலை வளையச் சூரிய கிரகணம் திருச்சியில் நன்றாகத் தெரிந்தது. அன்று எத்தனை கர்ப்பிணிகளை இருட்டறையில் பட்டினி போட்டு வைத்தோம்! பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்று பயம். உதட்டுப் பிளவு, கிரகணமே தெரியாத ஊர்களிலும் கிரகணமே இல்லாத ஆண்டுகளிலும் பிறக்கிறது. சிசுவின் உதடு ஒட்டி முடிவது கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில். புகையிலை, சில வலிப்பு மாத்திரைகள், போலிக் அமிலக் குறைவு, பரம்பரை ஆகியவை அதற்குக் காரணமாகலாம். கிரகணத்தின்போது கர்ப்பிணியும் சரி, மற்றவர்களும் சரி, சூரியனை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம்.

“66 சதவீதம் அதிகம்!” — எதில் 66?

இனி ஆண்களுக்கு. ஆண் கருத்தடை பற்றிய பயமும் ஒரு காலத்தில் விஞ்ஞானச் செய்தியாகவே வந்தது. 1993-ல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. ஆண் கருத்தடை செய்து கொண்டவர்களிடம், ஆண்களுக்கே உரிய புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் அதிகமாகக் காணப்பட்டது என்றார்கள். ஒரு ஆய்வில் 66 சதவீதம் அதிகம். இது வேக்ஃபீல்டு கதை மாதிரி அல்ல. நேர்மையானவர்கள், ஆயிரக்கணக்கான ஆண்களை வைத்துச் செய்தது. ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில், சதவீதம் என்றால் எதில் சதவீதம்? பேச்சுக்கு, ஆயிரம் ஆண்களில் மூன்று பேருக்கு ஒரு நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 66 சதவீதம் கூடினால் ஐந்து பேர். “ஆயிரத்தில் இரண்டு பேர் கூடுதல்” என்று எழுதினால் யாரும் பத்திரிகை வாங்க மாட்டார்கள். “66 சதவீதம்” என்று கொட்டை எழுத்தில் போட்டால் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

அடுத்து, ஒப்பிட்டது சரியாக இருந்ததா? கருத்தடை செய்து கொள்கிறவர் பொதுவாக மருத்துவரிடம் போகத் தயங்காதவர். அடிக்கடி பரிசோதனைக்குப் போகிறவரிடம், உள்ளே ஒளிந்திருக்கும் நோயும் கண்டுபிடிக்கப்படும். போகாதவரிடம் அது தெரியாமலே இருந்துவிடும். இரண்டு வரிசையிலும் தேடுவது ஒரே மாதிரி நடக்காவிட்டால், ஒரு வரிசையில் நோய் அதிகம் போலத் தோன்றும்.

அதனால் மற்ற நாட்டார் திரும்பவும் பார்த்தார்கள். ஆண் கருத்தடை மிக அதிகமாக நடக்கும் நியூசிலாந்தில், புராஸ்டேட் புற்றுநோய் வந்த 923 பேரையும் வராத 1,224 பேரையும் ஒப்பிட்டு 2002-ல் வெளியிட்டார்கள். கருத்தடை செய்து 25 ஆண்டு கடந்தவர்களிடம்கூட நோய் கூடவில்லை. 2017-ல் உலகெங்கும் நடந்த 53 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், தொடர்பு இருந்தாலும் மிகச் சிறியது, வாழ்நாள் முழுவதற்கும் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, உயிரைப் பறிக்கும் வகையோடு தொடர்பே தெரியவில்லை என்றார்கள். அந்தச் சிறிய அளவு உண்மையா என்று இன்னும் வாதம் நடக்கிறது. நடக்கட்டும். விஞ்ஞானம் அப்படித்தான் வேலை செய்யும். முதல் செய்தியோடு முடிந்துவிடாது.

“சார், ஆப்ரேஷன் பண்ணிட்டா மூட்டை தூக்க முடியாதாமே?” என்பதுதான் எங்களிடம் உண்மையில் கேட்கப்படும் கேள்வி. விந்து வரும் குழாயை மட்டும் தடுக்கிறோம். விதையில் ஊறும் ஆண் சுரப்புநீர் இரத்தத்தில் கலப்பதால், அது எப்போதும் போல் கலக்கும். தழும்பு ஆறும்வரை சில நாள் பாரம் தூக்க வேண்டாம், அவ்வளவே. ஆனால் ஒன்று: அறுவை முடிந்த உடனே பயன் வராது. மூன்று மாதம் ஆணுறை அணிந்து, பின் விந்துப் பரிசோதனை செய்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஆண் குழந்தை மருந்து: பாதி பேருக்குப் பலிக்கும் வியாபாரம்

இந்த வியாபாரத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

“மரபணு ஆராய்ச்சி முறையில் ஆண் குழந்தை. பலிக்காவிட்டால் பணம் வாபஸ்” என்று ஒருவர் சொல்கிறார். நூறு தம்பதிகள் தலைக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறார்கள். ஐந்து லட்சம். அவர் கொடுப்பது வெறும் சுக்குப்பொடி என்றே வையுங்கள். இயற்கையாகவே பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதி ஆண். நூறு பெண்ணுக்குச் சுமார் 105 ஆண் என்பது உலகக் கணக்கு. ஐம்பது வீட்டில் ஆண் பிறந்தது. மற்ற ஐம்பது வீட்டுக்கும் நேர்மையாகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அவர் கையில் இரண்டரை லட்சம் நிற்கிறது. பையன் பிறந்த ஐம்பது வீட்டாரும் ஊரெல்லாம் அவர் புகழ் பாடுவார்கள். பெண் பிறந்தவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். நமக்குக் கேட்பதெல்லாம் ஐம்பது வெற்றிக் கதை. மருந்தே சாப்பிடாத நூறு வீட்டிலும் ஐம்பது பையன் பிறந்ததை யார் எண்ணினார்?

ஆணா பெண்ணா என்பது கரு உண்டாகும் அந்த நொடியிலேயே, தகப்பனின் விந்தணுவால் முடிவாகிறது. நாள் தள்ளிப்போனபின் சாப்பிடும் எந்த மருந்தும் அதை மாற்றாது. ஆனால் சிசுவைக் கெடுக்கும். ஹரியானா மாநிலத்தில் இத்தகைய மருந்துகளைச் சாப்பிட்ட தாய்மாரையும் சாப்பிடாத தாய்மாரையும் ஒப்பிட்டபோது, சாப்பிட்டவர்களின் குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு அதிகமாகக் காணப்பட்டது. சிசுவின் உறுப்புகள் உருவாகும் வாரங்களில்தான் இதைச் சாப்பிடச் சொல்கிறார்கள்.

“பொட்டப்புள்ளயாப் பெத்துப்புட்டா” என்று மருமகளைத் திட்டும் மாமியார்மார்கள் மேலே உள்ள பத்தியை இன்னொரு முறை படிக்கவும். சிசுவின் பாலினத்தைத் தெரிவு செய்ய உதவுவதாக விளம்பரம் செய்வதும், ஸ்கேனில் பார்த்துச் சொல்வதும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம்.

செய்தி கையில் இருக்கிறது, என்ன செய்வது?

அனுப்புவதற்கு முன் நிறுத்துங்கள். மருந்தை நிறுத்துவதோ தொடங்குவதோ செய்தியைப் பார்த்துச் செய்யாதீர்கள். முக்கியமாக, கர்ப்பிணி தன் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. செய்தியில் ஆய்வு நடந்த இடம், ஆண்டு, எத்தனை பேர் என்பது இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. அந்தக் கைபேசியை அப்படியே கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். “நர்சம்மா திட்டுவாங்க” என்று தயங்க வேண்டாம். 104 என்ற எண்ணிலும் கேட்கலாம். இந்தப் பிரசுரத்தில் உள்ள கணக்கையும் கேட்கலாம். எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு என்று எங்களையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தட்டம்மை-ரூபெல்லா ஊசி இப்போது வழக்கமான அட்டவணையிலேயே இருக்கிறது. 9 மாதம் முடிந்ததும் முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை, இலவசம். புதன்கிழமைகளில் தடுப்பூசி போடப்படும். வரும்போது குழந்தையின் தடுப்பூசி அட்டையை மறக்காமல் கொண்டு வரவும்.